மடை திறக்கும் வேளை எது?
மாணவர் அமைக்கும் நீர் சேமிப்புக் கருவியும் கமக்காரர் கற்கவேண்டிய பாடமும்

கமத்தொழிலுக்கு நிலமும் நீரும் இரு கண்கள் போன்றவை என்பது யாவரும் அறிந்ததே. நிலத்தை ஏக்கரென்றும் பரப்பென்றும் அளந்து வைத்திருக்கிறோம். விதைநெல்லைப் புசலாலும் பசளையை அந்தராலும் அளந்து இடுகிறோம். ஆயின், வயலுக்கும் தோட்டத்துக்கும் பாய்ச்சும் நீரை அளந்து பாய்ச்சுவோர் நம்மிடையே மிகச் சிலரே. குளத்து நீராயின் முறை வந்தவுடன் மடையைத் திறக்கிறோம்; கிணற்று நீராயின் வழக்கமான நாள் வந்தவுடன் இயந்திரத்தை இயக்குகிறோம். பயிருக்கு அன்று நீர் வேண்டுமா, வேண்டாவா என்று மண்ணைக் கேட்டறிவதில்லை.

ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நிற்குமாயின் அதன் அளவு ஏறத்தாழ 102,800 லீற்றராகும். தேவைக்கு மேல் ஓரங்குலம் பாய்ச்சும் ஒவ்வொரு முறையும் இவ்வளவு நீரையும், அதனை இறைக்கச் செலவான எரிபொருளையும், அந்நீரோடு கீழே கழுவிச் செல்லப்படும் பசளையையும் இழக்கிறோம். 2022 ஆம் ஆண்டில் மண்ணெண்ணெய்க்காக நீண்ட வரிசையில் நின்ற கமக்காரர்களுக்கு இவ்விழப்பின் பெறுமதியை எடுத்துக் கூறவேண்டியதில்லை.

இந்த இழப்பைத் தடுக்கும் முயற்சியில் இன்று பல நாடுகளிலும் பாடசாலை மாணவர் ஈடுபட்டு வருகின்றனர். அவர்கள் செய்யும் கருவி எத்தகையது, அதிலிருந்து நாம் பெறத்தக்க பயன் யாது என்பதை எடுத்துரைப்பதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

மாணவரின் றோபோப் போட்டி

தானே இயங்கும் பொறியை றோபோ என்பர். ஐக்கிய அமெரிக்காவில் 1989 ஆம் ஆண்டு டீன் கேமன் என்னும் கண்டுபிடிப்பாளர் 'பேர்ஸ்ற்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். மாணவர்க்கு விஞ்ஞானத்திலும் பொறியியலிலும் ஊக்கமூட்டுவது அதன் நோக்கமாகும். பின்னர் அந்நிறுவனம் டென்மார்க்கு நாட்டின் லெகோ விளையாட்டுப் பொருள் நிறுவனத்தோடு சேர்ந்து, சிறுவர்க்கான றோபோப் போட்டி ஒன்றையும் அமைத்தது. பத்துப் பேருக்கு மேற்படாத மாணவர் ஒரு குழுவாகச் சேர்ந்து இதிற் பங்குபற்றுவர்.

இப்போட்டிக்கு ஆண்டுதோறும் ஒரு பொருள் குறிக்கப்படும். 2017–2018 ஆம் ஆண்டுப் பருவத்துக்கு நீரே பொருளாகக் குறிக்கப்பட்டது. நீரைக் கண்டெடுத்தல், கொண்டு செல்லுதல், பயன்படுத்துதல், கழித்தல் என்னும் நான்கு படிகளில் மக்களுக்குள்ள இடர்களுள் ஒன்றை மாணவர் தெரிந்தெடுத்து, அதற்குத் தீர்வு காணவேண்டுமென விதிக்கப்பட்டது. மேசைமீது றோபோவை இயக்கிப் புள்ளி பெறுவது போட்டியின் ஒரு பகுதி மட்டுமே. தாம் எடுத்துக்கொண்ட இடரைப்பற்றி அத்துறையில் அனுபவமுள்ளோரிடம் சென்று கேட்டறிந்து, புதிய தீர்வொன்றை அமைத்து, அதனைப் பிறர்க்கு விளக்கிக் காட்டுதல் மற்றொரு பகுதியாகும். கமத்தொழிலுக்குரிய நீரைத் தெரிந்தெடுக்கும் மாணவர்க்கு அனுபவமுள்ளோர் கமக்காரரேயன்றி வேறு யாவர்?

கருவியின் மூன்று உறுப்புகள்

மாணவர் அமைக்கும் நீர் சேமிப்புக் கருவிகள் உருவத்திற் பலவாறாயினும், அவை யாவற்றிலும் மூன்று உறுப்புகள் உள்ளன.

முதலாவது, உணரும் உறுப்பு. இது மண்ணிற் புதைக்கப்படும் சிறு ஆய்கோல். மண்ணில் ஈரம் கூடும்போதும் குறையும்போதும் அதன் மின்னியல்பு மாறுபடும். அம்மாற்றத்தை இக்கோல் உணர்ந்து தெரிவிக்கும்.

இரண்டாவது, தீர்மானிக்கும் உறுப்பு. இது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கணனிப் பலகை. இத்தாலி நாட்டில் 2005 ஆம் ஆண்டில் மாணவர்க்கென உருவாக்கப்பட்ட 'ஆர்டுயினோ' என்னும் பலகை இவ்வகையைச் சேர்ந்தது. ஈரம் இன்ன அளவுக்குக் குறைந்தால் நீரைத் திற, இன்ன அளவுக்கு உயர்ந்தால் நிறுத்து என்று மாணவர் எழுதிவைத்த கட்டளையை அது இரவு பகலாக நிறைவேற்றும்.

மூன்றாவது, செயற்படும் உறுப்பு. இது நீர்க்குழாயின் வாயைத் திறந்து மூடும் மின்வாயிலாகவோ, நீரிறைக்கும் மோட்டரை இயக்கி நிறுத்தும் ஆளியாகவோ அமையும்.

அனுபவம் மிக்க கமக்காரரின் விரலும் அறிவும் மண்வெட்டி பிடித்த கையும் செய்யும் தொழில்களையே இம்மூன்று உறுப்புகளும் செய்கின்றன.

பொறி கேட்கும் கேள்வி

இக்கருவியை அமைக்கும் மாணவன் ஓரிடத்திற் கட்டாயமாகத் தடைப்படுவான். 'ஈரம் எவ்வளவுக்குக் குறைந்தால் நீர் விடவேண்டும்?' என்னும் வினாவுக்கு ஓர் எண்ணை விடையாக எழுதினாலன்றிப் பொறி இயங்காது. அவ்வெண்ணை அறிய அவன் தன் பாட்டனாரிடம் சென்று, "அப்பு, இன்று பயிருக்கு நீர் வேண்டுமென்பதை எதனைக் கொண்டு அறிந்தீர்கள்?" என்று கேட்பானாயின், அவன் பெறக்கூடிய விடைகள் பெரும்பாலும் பின்வருவனவாகவே இருக்கும்.

'மண் வெளுத்துவிட்டது' என்பது ஒரு விடை. மேல்மண் வெயிலில் ஒரே நாளில் வெளுத்துவிடும். வேர் பரவியுள்ள ஆழத்திலோ போதிய ஈரம் இருக்கக்கூடும். மேற்றோற்றத்தைக் கொண்டு இறைப்பவர் ஈர மண்ணுக்கே மீண்டும் நீர் வார்க்கிறார்.

'இலை வாடுகிறது' என்பது மற்றொரு விடை. உச்சி வெயிலில் வாடிய இலை மாலையில் நிமிருமாயின் அது தாகத்தின் அடையாளமாகாது. காலையிலும் வாடிக் கிடக்குமாயின், நீர் விடவேண்டிய நாள் முன்னரே கடந்துவிட்டது. விளைச்சலில் ஒரு பகுதியும் குறைந்துவிட்டது.

'பக்கத்துத் தோட்டக்காரர் இறைத்துவிட்டார்' என்பது வெளியே சொல்லப்படாத மூன்றாவது விடையாகும்.

ஆகவே, எப்பொழுது நீர் விடவேண்டும் என்பதைத் திட்டமாகக் கூறும்படி பொறி நம்மை வற்புறுத்துகின்றது. கருவி நம் கையில் இல்லாவிடினும் இக்கேள்விக்கு விடை காண்பது நம் கடமையாகும். காய்கறித் தோட்டத்துக்கும் நெல்வயலுக்கும் அவ்விடையைத் தனித்தனியே காண்போம்.

காய்கறித் தோட்டத்தில்

மண் ஒரு பாத்திரம் போன்றது. பயிர் எடுத்துக்கொள்ளத்தக்க நீரை ஒவ்வொரு மண்ணும் ஒவ்வோர் அளவிலேயே தாங்கிவைக்கும். ஒரு மீற்றர் ஆழமுள்ள மணல் மண் ஏறத்தாழ 60 மில்லிமீற்றர் நீரைத் தாங்கும். இருவாட்டி மண் ஏறத்தாழ 140 மில்லிமீற்றர் தாங்கும். களிமண் 175 முதல் 250 மில்லிமீற்றர் வரை தாங்கும். பாத்திரம் நிறைந்த பின் ஊற்றும் நீர் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு வடிந்துபோகும்.

எடுத்துக்காட்டாக, இருவாட்டி மண்ணில் வெங்காயம் செய்கை பண்ணப்படுவதாகக் கொள்வோம். வெங்காயத்தின் வேர் பெரும்பாலும் மேல் 30 சதமமீற்றர் மண்ணிலேயே பரவும். அவ்வாழத்திலுள்ள நீர் 42 மில்லிமீற்றராகும். வெங்காயம், மிளகாய் போன்ற பயிர்களுக்கு இதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, அதாவது 14 மில்லிமீற்றர், குறைந்தவுடன் மீண்டும் நீர் விடுதல் நன்று. பயிரும் மண்ணும் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீரை ஆவியாக விடுமாயின் ஏறத்தாழ மூன்று நாட்களுக்கு ஒருமுறை இறைத்தல் போதும். மணல் மண்ணிலோ அதே கணக்கின்படி 6 மில்லிமீற்றரே கிடைப்பதால் நாள்தோறும் சிறிதளவு இறைக்க வேண்டியிருக்கும். மணலில் ஒரே முறையிற் பெருமளவு நீர் பாய்ச்சுவது ஓட்டைப் பாத்திரத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும்.

ஒரு பரப்பு நிலத்துக்கு, அதாவது ஏக்கரின் பதினாறில் ஒரு பங்குக்கு, 14 மில்லிமீற்றர் நீர் என்பது ஏறத்தாழ 3,540 லீற்றராகும். உங்கள் இயந்திரம் 200 லீற்றர் கொள்ளும் பீப்பாய் ஒன்றை எத்தனை விநாடியில் நிரப்புகின்றது என்று ஒருமுறை மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 40 விநாடியில் நிரப்புமாயின் ஒரு பரப்புக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும். வாய்க்காலிற் கசிந்து போகும் நீருக்கெனச் சிறிது நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். நீங்கள் இப்பொழுது எத்தனை நிமிடம் இறைக்கிறீர்கள் என்பதை இக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

அவுஸ்திரேலியாவின் விஞ்ஞான ஆராய்ச்சி நிறுவனம் 'பச்சோந்தி' எனப் பொருள்படும் பெயருடைய எளிய கருவியொன்றை உருவாக்கியுள்ளது. மண்ணில் வெவ்வேறு ஆழங்களிற் புதைக்கப்பட்ட ஆய்கோல்கள் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு விளக்கு உண்டு. நீல ஒளி மிகுந்த ஈரத்தையும், பச்சை ஒளி போதிய ஈரத்தையும், சிவப்பு ஒளி வரட்சியையும் குறிக்கும். 2013 ஆம் ஆண்டு தொடக்கம் மொசாம்பிக்கு, தன்சானியா, சிம்பாப்வே ஆகிய நாடுகளிலுள்ள சிறு கமக்காரர்களிடம் இக்கருவி கொடுக்கப்பட்டது. நீர் போதாதென்று முறையிட்ட பலரின் நிலங்களில் அடிமண்வரை நீல ஒளியே எரிந்தது. அவர்கள் இறைப்புத் தடவைகளைக் குறைத்தனர். விளைச்சல் குறையவில்லை, பசளை கழுவப்படாது வேரடியிலேயே தங்கியமையால் அது கூடியது. மிஞ்சிய நேரத்தைப் பிற தொழில்களிற் செலவிட்டனர். அக்கருவி நீர்வாயிலைத் திறக்கவோ மூடவோ இல்லை. மண்ணின் உள்நிலையைக் கண்ணுக்குக் காட்டியது மட்டுமே அது செய்த உதவியாகும்.

கருவி இல்லாதோர் மண்வெட்டியால் வேரின் ஆழம் வரை ஒரு சிறு குழி தோண்டி, ஒரு பிடி மண்ணைக் கையிலெடுத்து அழுத்திப் பார்க்கலாம். இருவாட்டி மண் உருண்டையாகத் திரண்டு, தட்டினாலும் உடையாதிருப்பின் ஈரம் போதும். திரண்டும் எளிதில் உதிருமாயின் இறைக்கும் நாள் நெருங்கிவிட்டது. திரளாமலே பொடியாக உதிருமாயின் நாள் கடந்துவிட்டது.

கிணற்றின் கதை

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரர் இவ்விடயத்தில் இருமடங்கு கவனஞ் செலுத்துதல் வேண்டும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறொன்றும் அங்கில்லை. சுண்ணாம்புக் கற்பாறையில் தங்கும் மழைநீரே கிணறுகளுக்கு ஊற்றாகும். அந்நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயரம் நன்னீர் நிற்குமாயின் அதன்கீழ் ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் விஞ்ஞானிகளின் கணக்கு. இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். மேல்மட்டம் சிறிது தாழ்ந்தாலும் அடியிலுள்ள உவர்நீர் பன்மடங்கு மேலெழும். ஒருமுறை உவராகிய கிணறு மீண்டும் நன்னீராவதற்குப் பல மாரிகள் காத்திருக்க நேரிடும்.

மேலும், மிதமிஞ்சிப் பாய்ச்சும் நீர் யூரியா முதலிய பசளைகளிலுள்ள நைதரசனை நைத்திரேற்றாகக் கழுவி அதே கிணற்றுக்குக் கொண்டுசெல்கின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலாகும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை கடந்துள்ளமை ஆராய்ச்சிகளிற் காணப்பட்டுள்ளது. அத்தகைய நீரில் மாப்பால் கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தைகளின் குருதியில் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றல் குறையக்கூடும். நீரைக் கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. தோட்டத்துக்கு வீணே விட்ட நீர் வீட்டுக் குழந்தையின் பாற்போத்தலுக்குத் தீங்காகத் திரும்பி வருவதை நாம் மறத்தலாகாது.

நெல்வயலில்

ஒரு கிலோகிராம் நெல்லை விளைவிக்க மழைநீரும் பாய்ச்சும் நீருமாகச் சராசரி 2,500 லீற்றர் நீர் வயலுக்குச் செல்வதாகச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் கணித்துள்ளனர். அதில் ஒரு பெரும் பகுதி பயிரால் உட்கொள்ளப்படாது அடிமண்ணுக்குள் இறங்கியும் வரம்பினூடே கசிந்தும் போகின்றது. வயலில் நிற்கும் நீரின் உயரம் கூடக்கூட இவ்விழப்பும் கூடும்.

வயலில் எந்நேரமும் நீர் நிற்கவேண்டும் என்பதில்லை. நீரை இடையிடையே வற்றவிட்டு மீண்டும் பாய்ச்சும் முறையால் 15 முதல் 30 சதவீதம் வரை நீரைச் சேமிக்கலாம். முறையாகச் செய்யின் விளைச்சல் குறைவதில்லை. இதற்கு வேண்டிய கருவி ஒரு துண்டுக் குழாய் மட்டுமே. அதனை அமைக்கும் முறை வருமாறு:

1. 30 சதமமீற்றர் நீளமும் 10 முதல் 15 சதமமீற்றர் விட்டமும் உள்ள பிளாத்திக்குக் குழாய்த் துண்டொன்றைத் தெரிந்தெடுக்க. பருத்த மூங்கிலும் உதவும்.

2. நிலத்துள் இறங்கும் பாதியில் சுற்றிவர, ஏறத்தாழ 2 சதமமீற்றருக்கு ஒன்றாகச் சிறு துளைகளை இடுக.

3. வரம்பிலிருந்து எளிதிற் பார்க்கத்தக்க இடத்தில், மேடும் பள்ளமும் அல்லாத மட்டமான பகுதியில், 15 சதமமீற்றர் நிலத்துள்ளும் 15 சதமமீற்றர் வெளியேயும் இருக்குமாறு குழாயை நடுக. உள்ளேயுள்ள மண்ணை அடிவரை அள்ளி அகற்றுக.

4. வயலில் நீர் நிற்கும்போது குழாயின் உள்ளும் புறமும் நீர்மட்டம் ஒன்றாக உள்ளதா எனப் பார்க்க. ஒன்றாக இல்லையாயின் துளைகள் அடைபட்டுள்ளன.

5. நாற்று நட்டு ஒன்று அல்லது இரண்டு கிழமைக்குப் பின் இம்முறையைத் தொடங்குக. வீசி விதைத்த வயலாயின் பயிர் 10 சதமமீற்றர் உயரமேனும் வளர்ந்த பின்னரே தொடங்குக. களை மிகுந்த வயலில் இன்னும் இரண்டு மூன்று கிழமை பொறுத்தல் நன்று.

6. குழாயினுள் நீர்மட்டம் நிலமட்டத்துக்குக் கீழே 15 சதமமீற்றர் வரை இறங்கியதும், 5 சதமமீற்றர் உயரத்துக்கு நீர் பாய்ச்சுக. மீண்டும் அதேயளவு இறங்கும்வரை மடையைத் திறவாதிருக்க.

7. பூக்கும் காலத்துக்கு ஒரு கிழமை முன்னும் ஒரு கிழமை பின்னும் வயலில் 5 சதமமீற்றர் நீரை நிறுத்தி வைக்க. இக்காலத்தில் நீர் குறையின் பதர் மிகும்.

மேலே கூறிய 15 சதமமீற்றர் என்பதே மாணவன் தேடிய எண்ணாகும். இவ்வெண்ணை அறிந்த மாணவர் இதே குழாயினுள் நீர்மட்டத்தை உணரும் உறுப்பொன்றைப் பொருத்தி, மட்டம் இறங்கியதும் கமக்காரரின் கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பவோ மோட்டரை இயக்கவோ செய்யலாம். வயல் வீட்டுக்குத் தொலைவிலுள்ளோர்க்கு அது பேருதவியாகும். அருகிலுள்ளோர்க்கு நாளும் ஒருமுறை குனிந்து குழாயினுள் நோக்குவதே போதும். நீர் தேங்கிய வயலிலிருந்து வெளியேறும் மெதேன் வாயுவும் இம்முறையால் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது மேலதிக நன்மையாகும்.

கவனிக்க வேண்டியவை

உவர் நிலங்களில் இம்முறையைக் கைக்கொள்ளலாகாது. நீர் வற்றும்போது உப்பு வேரடியிற் செறியும். வெடிக்கும் களிமண் வயலில் ஆழமான பிளவு தோன்றும்வரை காயவிடின், அடுத்து விடும் நீர் முழுவதும் பிளவுவழி இறங்கிவிடும். நீர்முறை பல நாட்களுக்கு ஒருமுறையே வரும் வாய்க்கால்களில், குழாயின் மட்டத்தை மட்டும் பார்த்துக் காத்திருந்து முறையைத் தவறவிடலாகாது. அடுத்த முறை வரும் நாளையும் சேர்த்து எண்ணிப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

மாணவர் கருவியைப் பயன்படுத்த விரும்புவோர் அதன் குறைகளையும் அறிந்திருத்தல் நன்று. மலிவான ஆய்கோல்களில் மின்னோட்டம் நேரே மண்ணினூடு செல்வதால் உலோகம் விரைவில் அரித்துப்போகும். பசளை இட்ட மண்ணிலும் உவர் மண்ணிலும் அவை உண்மையினும் மிகுந்த ஈரத்தைக் காட்டும். உலோகம் மண்ணைத் தொடாதவாறு மூடப்பட்ட கோல்கள் சிறந்தவை. ஒரு தோட்டத்து மண்ணுக்குக் குறித்த எண் மற்றொரு தோட்டத்து மண்ணுக்குப் பொருந்தாது. ஆகவே ஒவ்வொரு மண்ணிலும் கையால் அழுத்திப் பார்க்கும் சோதனையோடு ஒப்பிட்டு எண்ணைத் திருத்துதல் வேண்டும். பொறி பழுதுபட்டு நீர் இரவு முழுவதும் ஓடாதவாறு, கையால் நிறுத்தும் ஆளியும் கட்டாயம் இருத்தல் வேண்டும்.

வாய்க்காலின் கடைமுனையில்

ஒருவர் தனித்துச் சேமிக்கும் நீர் அவருடைய வரம்புக்குள் நிற்பதில்லை. குளத்து நீரில் தலைவாய்க்கால் வயற்காரர் மடையை ஒரு நாள் முன்னதாக மூடுவாராயின், அந்நீர் கடைமுனை வயலின் குடலைப்பயிரைக் காக்கும். சிறுபோகத்தில் ஒரு நீர்முறை கிடைக்காமையாற் கதிர் பதராகிய வயலுக்குடையவர் இதன் பொருளை நன்கறிவர். நீர் குறைந்த ஆண்டில் குளத்துக்கு அண்மையிலுள்ள நிலத்தை எல்லோரும் பகிர்ந்து விதைக்கும் 'பெத்மா' என்னும் பழைய வழக்கம் இந்நாட்டில் இருந்து வந்துள்ளது. ஆதலால் நீர் சேமிப்பைக் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் எடுத்துப் பேசி, ஒரு வாய்க்காலிலுள்ள அனைவரும் ஒரே போகத்தில் குழாய் நட்டுப் பார்ப்பதே சிறந்த வழியாகும்.

வரும் போகத்தில் உங்கள் வயலில் ஒரு பாத்தியிலேனும் குழாயை நட்டுப் பரீட்சித்துப் பாருங்கள். தோட்டக்காரர் ஒரு வரிசையிலேனும் குழி தோண்டி மண்ணை அழுத்திப் பார்த்த பின் இறையுங்கள். நீர் விட்ட நாளையும் நேரத்தையும் ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள். உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடம் அக்குறிப்பைக் காட்டி ஆலோசனை பெறுங்கள். உங்கள் ஊர்ப் பாடசாலை மாணவர் கருவியொன்றைச் செய்துகொண்டு வரப்புக்கு வருவாராயின் அவரை விளையாட்டுப் பிள்ளையென்று விலக்காது, அவர் கேட்கும் கேள்விக்கு விடை சொல்ல முயலுங்கள். அம்முயற்சியில் அவருக்கு ஓர் எண் கிடைக்கும். உங்களுக்கோ அடுத்த போகத்துக்கு வேண்டிய நீர் மிஞ்சும்.